சாங்கியில் எழாத தடமும் சின்னக் காடியின் வெற்றியும்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கி என்றதும் நமக்கு ஆகாய விமான நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். பெரியவர்களைக் கேட்டால் சிறைச்சாலையைச் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்தில் போர்க்கைதிகளை வேலை வாங்கி விமானத் தளம் போட்ட கதையையும் சொல்வார்கள். அதே சாங்கியில் மோட்டார் பந்தயத்துக்கென ஒரு பெரிய தடம் எழவிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் பொதுச் சாலையையே அடைத்துப் பந்தயம் நடத்தினார்கள். விபத்துகளும் போக்குவரத்து நெருக்கடியும் மிகுந்ததால் அது நின்று போயிற்று. 2008-ல் மரினா பேயில் இரவுப் பந்தயம் தொடங்கியது. நிரந்தரத் தடம் ஒன்று வேண்டுமென்று, 2010-ல் கிழக்குச் சாங்கியில் 41 ஹெக்டேர் நிலம் ஒதுக்கி ஒப்பந்தமும் செய்தார்கள். 2011 தொடக்கத்திலேயே வேலை நின்றது. 2012-ல் ஒப்பந்தமும் முறிந்தது. தடம் எழவேயில்லை.

நிலமும் பணமும் பெரிய திட்டமும் இருந்தால்தான் பந்தயத்தில் வெற்றி காண முடியுமா? இதற்குப் பதிலை ராலிப் பந்தயத்தின் சரித்திரத்தில் காணலாம். ராலி என்பது ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதல்ல. மலைச் சாலை, மண் சாலை, பனி மூடிய சாலை என்று கிடைத்த சாலையில் ஓடுவது. வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஓட்டுபவர் பக்கத்தில் வழிகாட்டி ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொல்லுவார். ஓடும் வண்டிகளில் பல, கடையில் விற்கும் சாதாரணக் காடியைத் திருத்திச் செய்தவையே.

அப்படிப்பட்ட சின்னக் காடிகளில் ஒன்று மினி. 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறினால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைவாக எண்ணெய் குடிக்கும் சிறிய காடி தேவைப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906-ல் துருக்கியின் ஸ்மிர்னா நகரில் பிறந்த அவர், 1922-ல் போரினால் வீடு வாசலை விட்டு வெளியேறியவர். இங்கிலாந்தில் படித்தபோது கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர்! அவர் அமைத்த மினி 1959-ல் விற்பனைக்கு வந்தது. நீளம் சுமார் 10 அடி, சக்கரம் 10 அங்குலம். ஆனாலும் நாலு பேர் உட்காரலாம்.

இது எப்படி முடிந்தது? இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கி, முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும்படி செய்தார். இயந்திரத்தின் பாரம் முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அமுங்கியது. அதனால் பனியிலும் சேற்றிலும் பிடிமானம் கிடைத்தது.

"இந்தச் சின்னக் காடி என்ன செய்யும்?" என்று கேட்டவர்களுக்கு 1964-ல் மான்டி கார்லோ ராலி பதில் சொன்னது. 1071 சி.சி. மினி கூப்பர் எஸ் காடியில் பேடி ஹாப்கர்க் முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்தது 4700 சி.சி. ஃபோர்டு ஃபால்கன். இயந்திரத்தின் அளவைக் கணக்கில் கொள்ளும் விதி அப்போது இருந்தது. அதுவும் மினிக்குக் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1965-ல் கடும் பனியில் டிமோ மாக்கினென் மினியிலேயே வென்றார். 1966-ல் முதல் மூன்று இடமும் மினிக்கே! ஆனால் முன்விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி மூன்றையும் தள்ளிவிட்டார்கள். கைக்கு வந்த பரிசு போயிற்று. அவர்கள் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1967-ல் ரௌனோ ஆல்டோனென் மறுபடியும் மினியில் வென்று காட்டினார்.

மினிக்குப் பின்புறம் தூக்கித் திறக்கும் பெரிய கதவு கிடையாது. அந்த வசதியோடு பிறகு வந்த சிறிய காடிகள் அதே முன்சக்கர முறையைப் பின்பற்றின. 1987-ல் ஐவரி கோஸ்ட் ராலியில் கென்னத் எரிக்சன் முன்சக்கர ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் முதலாவதாக வந்தார். நம் பக்கத்தில் புரோட்டோன் செய்த சாத்ரியா நியோவும் சாலையில் முன்சக்கரக் காடிதான். அதன் உருவத்தில் நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்த ராலி வண்டியில், அலிஸ்டர் மெக்ரே 2011-ல் ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்றார்.

அந்த வரிசைப் பந்தயங்களில் மலேசியச் சுற்று எங்கே நடந்தது தெரியுமா? சாங்கியிலிருந்து கடலைத் தாண்டினால் வரும் ஜொகூரில், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில்! இந்நாட்டுத் தோட்டச் சாலைகளைக் காடு வெட்டிப் போட்டவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் எத்தனையோ பேர். தலைச்சுமையும் மாட்டு வண்டியும் லோரியும் போன மாதிரி மண் சாலைகளில்தான் உலகத்து ஓட்டுநர்கள் வந்து திறமையைக் காட்டினார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துத் தடம் கட்டும் அவசியம் அங்கே ஏற்படவில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. பரிசு கிடைக்காதவர்கள், மூன்று தடவை கணக்கில் தோற்றவர் செய்த காடியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு பறிபோன மறு ஆண்டே திரும்பி வந்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது சின்னப் பள்ளிக்கூடம்தான், நம் சாலை மண் சாலைதான். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? புறப்படுவதற்கு அந்தச் சாலை போதும்.