பிரெட்போர்டும் பாடமொழியும்: எல்லைத் தமிழர் பள்ளிகளுக்குக் கணினிக் கட்டுமானம் வந்த வழி

2022 டிசம்பரில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், உயர்நிலைப் பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக் பெட்டிகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, ஒரு பிரெட்போர்டு, எல்இடி விளக்குகள், ரெசிஸ்டர்கள், சிறிய சர்வோ மோட்டார், ஒளியுணரி, அகச்சிவப்பு உணரி, பஸ்ஸர், இணைப்புக் கம்பிகள் ஆகியன இருந்தன. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு ஐசிடி பாடநூலின் வழியாக ரோபோட்டிக்ஸ் எல்லா மாணவர்க்கும் உரிய பாடமாயிற்று. அப்பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகிய மொழிகளோடு தமிழிலும் வெளிவந்தது.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கியின் மூணாறு, மறையூர், பீருமேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தியன்று. மின்னணுக் கருவியைத் தம் கையால் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பும், அதைப் பற்றித் தம் மொழியில் படிக்கும் வாய்ப்பும் ஒன்றாக வந்து சேர்ந்த தருணம் அது. இவ்விரண்டும் வெவ்வேறு வரலாறுகளைக் கொண்டவை. முன்னது பாகங்களின் வரலாறு. பின்னது மொழியின் வரலாறு. முன்னதன் தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. பின்னதன் தடைகள் நீங்கியதாகச் சொல்ல இயலாது.

பாகங்களின் வரலாற்றைப் பம்பாயிலிருந்து தொடங்குவதே பொருத்தம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954-இல் சேர்ந்த ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் தலைமையில் அமைந்த இளைஞர் குழுவினருள் பெரும்பாலோர் அதற்குமுன் ஓர் இலக்கமுறைக் கணினியைக் கண்டவரல்லர். பிரின்ஸ்டன் உயர்நிலை ஆய்வுக் கழகத்தில் உருவான கணினியைப் பற்றிய அறிக்கைகளே அவர்களுக்கு வழிகாட்டின. 1956-இல் ஒரு முன்மாதிரி இயங்கியது. முழுக் கணினி 1960-இல் பணிக்கு வந்தது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

டிஃப்ராக்கில் சுமார் 2,700 வால்வுகளும் 1,700 ஜெர்மானியம் டயோடுகளும் 12,500 ரெசிஸ்டர்களும் இருந்தன. அதன் நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது. 40 பிட் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கியது. கணக்கிட்டால் 10 கிலோபைட் வரும். இன்று பள்ளிப் பெட்டியில் கிடக்கும் ஆர்டுயினோ ஊனோவின் நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கென 32 கிலோபைட்டும் தரவுக்கென 2 கிலோபைட்டும் உள்ளன. அளவில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தவை. ஆயினும் டிஃப்ராக்கின் வரலாற்று முக்கியத்துவம் அதன் நினைவக அளவில் இல்லை. ஆயத்தமாக வாங்கிய கணினியை இயக்கக் கற்ற தலைமுறை ஒன்று. கணினியைத் தானே கட்டியதால் கணினியைக் கற்ற தலைமுறை மற்றொன்று. இந்தியாவில் இரண்டாவது வகை முதலில் உருவான இடங்களுள் அந்த ஆய்வகம் ஒன்று. அக்கணினி 1960-களின் நடுவிலேயே ஓய்வு பெற்றது. அதைக் கட்டியவர்களின் அறிவோ நாட்டின் கணினித் துறையில் பல பத்தாண்டுகள் பணியாற்றியது.

ஆய்வகத்துக்கு வெளியே நிலைமை வேறு. எளிய மனிதர் கைக்கு எட்டிய மின்னணுவியல் என்பது வானொலியே. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் வரும் கோயம்புத்தூரில், பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அறிவித்தார். ஆனால் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வானொலிப் பெட்டியை வைத்திருப்பதற்கே உரிமம் கோரியது. வீட்டு வானொலிக்கான அந்த உரிமமுறை 1980-களில்தான் நீங்கியது. இதற்கிடையில் கம்பிச்சுருள், டயோடு, காதொலிப்பான் ஆகியவற்றைக் கொண்டு படிக வானொலி செய்த மாணவர்களும், ஊர்க்கடையில் பழுது பார்த்தே தொழில் கற்ற ரேடியோ மெக்கானிக்குகளும் இருந்தனர். நூலறிவும் பட்டமும் இன்றி மின்சுற்றை வாசிக்கத் தெரிந்த முதல் தலைமுறை அவர்களே. இந்திய மின்னணுவியல் வரலாறுகளில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழ் ஆல்டேர் 8800 என்னும் கணினியை அட்டையில் வெளியிட்டது. பாகங்களாக வாங்கி வீட்டில் சால்டர் செய்து கட்டிக்கொள்ளும் கணினி அது. அவ்வாண்டு மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. அக்கூட்டங்களுக்குச் சென்றுவந்த ஸ்டீவ் வாஸ்னியாக் அடுத்த ஆண்டே ஆப்பிள் 1 பலகையை முடித்தார்.

அதே காலத்தில் இந்திய மாணவர் ஒருவருக்கு இவ்வழி ஏன் திறக்கவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. திறமைக் குறைவு காரணமன்று. நுண்செயலியும் நினைவகச் சில்லுகளும் இறக்குமதிப் பொருள்கள். அவற்றுக்கு உரிமமும் உயர்ந்த சுங்கவரியும் தேவைப்பட்டன. 1984 நவம்பரின் புதிய கணினிக் கொள்கையும் 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தமும் வந்த பிறகே சென்னை ரிச்சி தெருவிலும் எர்ணாகுளம் பள்ளிமுக்கிலும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கலாயின. அதுவரை பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இருந்த 8085 பயிற்சிப் பலகையே பெரும்பாலோர் தொட்டுப் பார்த்த கணினி வன்பொருள். ஏழு கோட்டு எண்காட்டியும் பதினறும எண்முறைப் பொத்தான்களும் கொண்ட அப்பலகையில், ஒவ்வொரு கட்டளையையும் எண்ணாக மாற்றி, நினைவக முகவரியில் ஒவ்வொன்றாக இடவேண்டும். இரண்டு எண்களைக் கூட்ட ஐந்து பைட்டு போதும். அலுப்பூட்டும் பயிற்சி அது. ஆயினும் நிரல் என்பது நினைவகத்தில் கிடக்கும் எண் என்ற உண்மையை அதைவிடத் தெளிவாகக் காட்டிய கருவி குறைவு.

எல்லைப் பகுதிக்கு மின்னணுவியல் முதலில் வந்தது பள்ளி வழியாக அன்று, தொழிற்சாலை வழியாகவே. 1973-இல் கேரள அரசு கே.பி.பி. நம்பியாரின் முன்முயற்சியில் கெல்ட்ரான் நிறுவனத்தை ஏற்படுத்தியது. மாநில அரசொன்று மின்னணுவியலுக்கென்றே தொடங்கிய முதல் நிறுவனம் அது. 1976-இல் வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டில் இந்தியத் தொலைபேசித் தொழிலகமான ஐடிஐ தன் ஆலையைத் தொடங்கி, மின்னணுத் தொலைபேசி இணைப்பகக் கருவிகளைச் செய்தது. தமிழக எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அச்சிட்ட சுற்றுப்பலகைகள் உருவாயின. ஆனால் ஆலையின் அறிவு ஆலையின் வாயிலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

இடுக்கியின் நிலையும் இதை ஒத்ததே. 1940-இல் மூணாறுக்கு அருகில் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம். அம்மின்சாரம் மலையிறங்கி ஆலுவாப் பகுதியின் அலுமினிய ஆலைக்குச் சென்றது. சுற்றிலும் இருந்த தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர். ஒரு வட்டாரம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதும், அவ்வட்டாரப் பிள்ளைகள் மின்சாரத்தைக் கற்பதும் வெவ்வேறு நிகழ்வுகள். இரண்டுக்கும் இடையிலான காலம் மிக நீண்டது.

அவ்விடைவெளியைக் குறைத்தது பள்ளிக்கல்வித் திட்டம். 2001-02-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல், கணினியைப் பாடமாக்கியது. சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளான குனூ/லினக்ஸைப் பள்ளிகளின் இயங்குதளமாக்கியது. உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்ற எண்ணம் முதலில் மென்பொருளில் வேரூன்றிப் பின்னர் வன்பொருளுக்குப் பரவியது. 2012-இல் பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெரி பை சில ஆண்டுகளில் கேரளப் பள்ளி மாணவர் கைகளுக்கு வந்தது. 2017-இல் இத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாயிற்று. 2018 ஜனவரி 22 அன்று தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மின்னணுவியலும் வன்பொருளும் பயிற்சிப் பகுதிகளாயின. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகர வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், பொறியியல் படிக்காத மாணவர்களுக்கெனப் பிறந்த ஆர்டுயினோ, இவ்வழியே மறையூர் வரை வர இயன்றது. 2023-இல் கைட் கோரிய ஏறத்தாழ 9,000 மடிக்கணினிகளுக்கான ஒப்பந்தத்தைப் பன்னாட்டு நிறுவனங்களோடு போட்டியிட்டு ஐடிஐ பெற்றது. கஞ்சிக்கோட்டு ஆலைக்கும் பள்ளி வகுப்பறைக்கும் இடையே அரை நூற்றாண்டு தாமதித்து ஓர் இணைப்பு ஏற்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ஆர்டுயினோவில் விளக்கை எரியவிடுவது கணினியைப் பயன்படுத்துவது. அது கணினியைக் கட்டுவதன்று. கணக்கிடும் பகுதி கறுப்புச் சில்லுக்குள் மறைந்தே இருக்கிறது. அதைத் திறக்க விரும்பும் மாணவர்க்கு வேறொரு பயிற்சி உண்டு. 7400 என்னும் மலிவான ஐசியில் நான்கு நாண்ட் வாயில்கள் உள்ளன. ஒன்பது நாண்ட் வாயில்களால் ஒரு முழுக்கூட்டி அமையும். அதற்கு மூன்று ஐசி போதும். நான்கு பிட் எண்களைக் கூட்ட ஒன்பது ஐசி வேண்டும். பிரெட்போர்டில் அவற்றை இணைத்து, ஓரிடத்துக் கூட்டலின் மிகுதி அடுத்த இடத்துக்கு நகர்வதை எல்இடியில் கண்ட மாணவர், நரசிம்மன் குழுவினர் வால்வுகளில் கண்ட அதே நிகழ்வையே காண்கிறார். பதிவகத்தையும் கடிகாரத் துடிப்பையும் நினைவகத்தையும் சேர்த்தால் அது கணினியாகத் தொடங்குகிறது. அடுத்த படியும் இன்று தொலைவில் இல்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும், திருவனந்தபுரம் சி-டாக் வடிவமைத்த வேகா செயலிகளும், எவரும் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. சி-டாக்கின் ஏரிஸ் பலகையை ஆர்டுயினோ மென்பொருளைக் கொண்டே நிரலாக்கலாம். பாகங்களின் தடை நீங்கியது என்பதன் பொருள் இதுவே.

மொழியின் வரலாறு இவ்வளவு எளிதாக நகரவில்லை. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் கொச்சி அரசின் பகுதியாக இருந்து திருவிதாங்கூர்-கொச்சியில் இணைந்தது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நீடிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. எல்லை வகுக்கப்பட்டபின் இங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கும் கன்னடத்துக்கும் சில உரிமைகளை வழங்கியது. தமிழ்வழிப் பள்ளியும் தமிழ்ப் பாடநூலும் இக்காப்புகளின் பின்னணியில் நிலைபெற்றவை.

எனினும் பாடநூலோடு மின்னணுவியல் முடிவதில்லை. பலகையில் அச்சிட்ட குறிகள், பிழைச் செய்திகள், ஐசிக்களின் விவரத்தாள்கள், மாவட்ட முகாமின் விளக்கவுரை ஆகியன ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகின்றன. தமிழில் மின்தடை, மின்தேக்கி, நுண்செயலி என்னும் சொற்கள் நெடுங்காலமாக உள்ளன. கடைத்தெருவிலும் பழுதுபார்ப்போர் பேச்சிலும் அவை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பிராசசர். எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பது இரண்டாம் நிலைக் கேள்வியே. சுற்று ஏன் இயங்கவில்லை என்று மாணவர் தம் மொழியில் கேட்கவும், அதே மொழியில் காரணம் கேட்டறியவும் இயலுமா என்பதே முதற்கேள்வி. பிழை கண்டறிதல் முழுவதும் மொழியால் நடப்பது: இதுவரை மின்சாரம் வருகிறது, இங்கே நிற்கிறது, ஆகவே பழுது இவ்விரண்டுக்கும் இடையில் என்னும் தருக்கத்தை மனம் ஒரு மொழியில்தான் நிகழ்த்துகிறது. பழைய ரேடியோ மெக்கானிக் தம் பயிலாளுக்கு அதைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். பள்ளிப் பெட்டிக்கு அப்படியொரு வாய்மொழி மரபு இன்னும் அமையவில்லை.

இப்பகுதிகளின் மின்னணுக் கல்வியை ஆராய்வோர் வழங்கிய பெட்டிகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. தமிழ்வழிப் பள்ளிகளில் எத்தனைப் பெட்டிகள் திறக்கப்பட்டன, எத்தனைப் பயிற்சியாளர்கள் தமிழில் விளக்க வல்லவர், பள்ளி முடித்த மாணவர் அடுத்து எங்கே செல்கிறார் என்பனவே பதிவு செய்யவேண்டிய தரவுகள். தொழிலகத்து அறிவு கஞ்சிக்கோட்டிலிருந்து பள்ளி வகுப்பறைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அன்று குறுக்கே நின்றவை ஆலையின் வாயிலும் சுங்கவரியும் உரிமமும். அவை நீங்கியபின் இத்தாமதம் மறுபடி நேருமானால், அதற்குப் பாகங்களின் விலையைக் காரணம் காட்ட இயலாது.