மயிலாப்பூர் தோமையார்: கல்லறை மண்ணும் கற்சிலுவையும்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையார், மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவ மரபு. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமையார் பணிகள்' என்னும் நூல் அவருடைய இந்தியப் பயணத்தைக் கதையாகச் சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டில் அவருடைய எலும்புகள், இன்று துருக்கியில் உர்ஃபா எனப்படும் எடெஸ்ஸா நகரில் வணங்கப்பட்டன. ஒரு வணிகர் அவற்றை இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாக எடெஸ்ஸாவில் வாழ்ந்த எஃப்ரேம் பாடினார். பின்னர் அத்திருப்பண்டங்கள் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றன.

எலும்புகள் அயல்நாட்டில் இருந்தபோதும் மயிலாப்பூர்க் கல்லறையைத் தேடி மக்கள் வந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வழிபட்டதை எழுதியுள்ளார். தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். திருநீற்றை மருந்தாக உட்கொள்ளும் நாட்டில் இது எளிதில் வேரூன்றக்கூடிய வழக்கம்.

தோமையாரின் சாவைப் பற்றி மார்க்கோ போலோ பதிந்த கதையும் தனித்தன்மை உடையது. சிரியாக் நூலில் அரசனின் வீரர்கள் தோமையாரை ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். மார்க்கோ போலோவின் நூலிலோ, மயில்களுக்கு நடுவே செபித்துக்கொண்டிருந்தவர் மீது, வேடன் ஒருவன் மயிலுக்கு எய்த அம்பு தவறிப் பாய்கிறது. மயிலின் பெயர் தாங்கிய ஊரில் கதைக்குள்ளும் மயில் வந்து சேர்ந்தது.

1547இல், தோமையாரோடு மரபு தொடர்புபடுத்தும் பரங்கிமலையில் ஆலயம் எழுப்ப அடித்தளம் தோண்டிய போர்த்துக்கீசியர், கற்பலகையில் செதுக்கிய சிலுவை ஒன்றைக் கண்டெடுத்தனர். அதன் நான்கு முனைகளும் மொட்டுப்போல் விரிகின்றன. மேலிருந்து புறா ஒன்று இறங்குகிறது. இருபுறத் தூண்களின் மேல் மகரங்கள் அமர்ந்திருக்க, அவற்றின் வாயிலிருந்து வளைவு எழுகிறது. கோயில் மகர தோரணத்தின் அதே அமைப்பு இது. வளைவைச் சுற்றியுள்ள எழுத்தோ பாரசீகத்தின் பஹ்லவி. இதே வகைச் சிலுவைகள் கேரளத்தின் கோட்டயத்திலும் உள்ளன.

இச்சிலுவையைத் தோமையாரே செதுக்கினார் என்று பக்தர்கள் நம்பினர். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அதில் இரத்தம் வடிந்ததாகவும், 1704 வரை இது பலமுறை நிகழ்ந்ததாகவும் மரபு கூறுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர் பலர் அதை ஏறத்தாழ 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கின்றனர். எனவே தோமையாரின் வருகைக்கு அது சான்றாகாது. பாரசீகத் திருச்சபையோடு உறவுள்ள கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் வழிபட்டனர் என்பதற்கு அது உறுதியான சான்று. பரங்கிமலை ஆலயத்தின் பீடத்தில் அச்சிலுவை இன்றும் இருக்கிறது.