2022: நாவலிலும் கால்வாய்க் கரையிலும்



இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு அறிவியல் புனைகதையை எடுத்துக்கொள்கிறோம் என்றதும் மன்றத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். தலைக்கு மேல் கூரை நிற்குமா என்பதே அன்றாடக் கேள்வியாக இருக்கும்போது ரோபோ கதை எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலாகவே இவ்வுரையை வைக்கிறோம்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 2020களின் தொடக்கத்து இந்தியாவில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. யார் பெயரும் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு ஓர் எண். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி வரும் வேளையில் கணவன் சிபி காணாமல் போகிறான். அங்கிருந்து கதை துப்பறியும் வேகத்தில் ஓடுகிறது. கடைசியில் ஜீவா என்பவன் ஆளே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம்மில் பலரும் அந்த நாய்க்காகவே படித்தோம்.

வரப்போகும் கெட்ட காலத்தை எழுதும் இவ்வகைப் புனைவை டிஸ்டோபியா என்கிறார்கள். தமிழில் அதைப் பெருவாரியான வாசகர்களிடம் கொண்டுசேர்த்த நாவல் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அதன் எதிர்காலத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அங்கே சாதி கதையை நகர்த்தும் விசையாக இல்லை. அரசு எல்லோரையும் ஒரே மாதிரி எண்ணாக்குகிறது. எல்லோரும் ஒரே மாதிரி அஞ்சுகிறார்கள்.

நாவல் கற்பனை செய்த காலம் நிஜத்திலும் வந்தது. 2022ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாம் கூடியிருக்கும் பாலவாக்கத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அதற்கும் மேற்கே பெருங்குடிக் குப்பைமேடும் பள்ளிக்கரணைச் சதுப்பும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. மே மாதம், இதே கால்வாயின் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு இறந்தார். ஜூலையில் பள்ளிக்கரணைக்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி கிடைத்தது. இந்த மூன்றும் நான்கே மாதங்களுக்குள் நடந்தவை. எந்த இயந்திர நாயும் தேவைப்படவில்லை.

அந்த மரணம் நடந்த கரையின் கதை பழையது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் கால்வாய் 1877-78இல் தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. 1876 முதல் 1878 வரையான அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். முதலில் சாய்ந்தவர்கள் நிலமற்ற கூலிகள். செங்கல்பட்டு வட்டாரத்தில் நிலமற்ற கூலி என்றால் பெரும்பாலும் சேரி மக்கள்.

1877இன் முற்பகுதியில், பஞ்சத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். மண் வெட்டுகிறவன் இதில் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். நாஜிகளின் புகன்வால்டு முகாமில் கொடுத்த உணவைவிட இது கலோரியில் குறைவு என்று வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் பின்னாளில் ஒப்பிட்டுக் காட்டினார். ஒரு மனிதன் சாகாமல் இருக்க மிகக் குறைந்த அளவு எது என்று அரசு ஆள்வைத்துப் பரிசோதிப்பதை எதிர்காலக் கதையில் எழுதினால், மிகைக் கற்பனை என்று ஆசிரியர் குழு திருப்பி அனுப்பும். இங்கே அது கோப்பு.

நூறாண்டு கழித்து அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 1997இல் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. நீரோட்டத்தின் நடுவில் நிற்கும் கான்கிரீட் தூணுக்கு வளர்ச்சி என்று பெயர். கரையில் நிற்கும் குடிசைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர்.

இன்றைய வெளியேற்றத்தின் மொழி சுற்றுச்சூழல் மொழி. நதி மீட்பு, வெள்ளத் தடுப்பு, நீர்நிலைப் பாதுகாப்பு. இந்தச் சொற்களோடு நமக்குப் பகை இல்லை. ஆற்றில் சாக்கடை ஓடக் கூடாது என்று நம்மைவிட யார் விரும்புவார்கள், அதில் இறங்கிச் செத்தவர்கள் நம் ஆட்கள்தானே. நமது கேள்வி, கரையிலிருந்து எடுத்தவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,656 வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். அப்புறம் எட்டு மாடி அடுக்குகளாகப் பெரும்பாக்கம், 20,000க்கும் மேல்.

இந்த இடங்களை நீரின் கண்ணால் பாருங்கள். தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பில் இன்று பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. கண்ணகி நகர் அந்த மடுவின் ஓரத்திலேயே இருக்கிறது. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் சதுப்புக்குத் தெற்கே தாழ்நிலத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து ‘பாதுகாப்பு’ என்று சொல்லி வண்டியேற்றிய குடும்பங்களை இறக்கியது அந்தத் தாழ்நிலத்தில்தான். கதவில் எண் எழுதி, கைரேகை எடுத்து, பிளாக் எண்ணையே முகவரியாக்கி. மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா பஸ் மாறி மாறிப் போய்த் திரும்ப முடியாமல் வேலையை விட்டாள். பிள்ளையின் பள்ளி கல்வியாண்டின் நடுவில் அறுந்தது. வேலைக்கு மனுப் போட்டால் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்குகிறார்கள் என்று கண்ணகி நகர் இளைஞர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சேரி என்ற சொல்லைத் துடைத்துவிட்டுச் சேரியைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது நமது கருத்து.

இப்போது நாவலுக்குத் திரும்புவோம். எதிர்காலத்தை எழுத வேறொரு வழி உண்டு என்று காட்டியவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1947இல் பிறந்தவர், தாயார் வீட்டு வேலை செய்து வளர்த்தார். அவரது ‘பேரபிள் ஆஃப் த சோவர்’ 1993இல் வந்தது. கதை 2024 ஜூலையில் தொடங்குகிறது. பருவநிலை குலைந்து, மழை பொய்த்து, தண்ணீர் பெட்ரோலைவிட விலை கூடிய கலிபோர்னியா. சுற்றுச்சுவருக்குள் வாழும் ஒரு தெருவில் லாரன் என்ற பதினைந்து வயதுப் பெண். பிறர் வலியைப் பார்த்தால் தன் உடலில் உணரும் குறை அவளுக்கு. சுவர் உடைந்து, தெரு எரிந்தபின் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் சந்திப்பவர்களில் கடனுக்காகக் கம்பெனி ஊர்களில் அடிமைப்பட்டுத் தப்பியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கடனடிமை வாழ்வு அமெரிக்கக் கறுப்பின மக்களின் இறந்தகாலம். ஏற்கெனவே ‘கிண்ட்ரட்’ நாவலில் அடிமைமுறையின் தோட்டங்களுக்குள் போய் வந்தவர் பட்லர். தன் மக்களுக்கு நடந்ததை எடுத்து அப்படியே நாளைக்கு நகர்த்தினார். அதனால்தான் அவரது எதிர்காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி அழிவதில்லை. யாருக்குச் சுவர், யாருக்குச் சாலை என்பது முன்பே தீர்மானமாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய ஆல்டடீனா எரிந்தது. கறுப்பினக் குடும்பங்கள் நெடுங்காலமாக வீடு வாங்கி வாழ்ந்த மேற்குப் பகுதிக்கு வெளியேறும் எச்சரிக்கை பல மணி நேரம் தாமதமாகவே வந்தது. பட்லர் அடக்கமாகியிருப்பதும் ஆல்டடீனாவில்தான்.

தலித் இலக்கியம் தன்வரலாற்றிலும் ஊர் நினைவிலும் பெரும் வேலை செய்திருக்கிறது. தாது வருடப் பஞ்சத்தையும் ஐஸ்ஹவுஸ் தொழிலாளரையும் ஜெயமோகன் ‘வெள்ளை யானை’யில் நாவலாக்கினார், அதன்மேல் நமக்கிருக்கும் விமர்சனம் தனி. எதிர்காலம் என்ற நிலத்தை மட்டும் நாம் பட்டா போடாமல் விட்டிருக்கிறோம். அங்கே சாதி இல்லாத சென்னையை மற்றவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கான மூலப்பொருள் நம்மிடம் குவிந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலமின்மை பற்றி அனுப்பிய அறிக்கை. அதைத் தொடர்ந்து வந்த 1892இன் பஞ்சமி நில ஆணை. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். தலித் அமைச்சராக இருந்த சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பையே சென்ட்ரல் அருகில் 2019 டிசம்பரில் இடிக்கத் தொடங்கி மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். சுஜாதாவின் ஜீவா ஒளிப்பிம்பம், பிடிக்கக் கை நீட்டினால் காற்று. நம்மை அகற்றிய ஆணைகளில் தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, துறையின் முத்திரை இருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஒதுக்கீட்டு ஆணை, கணக்கெடுப்புச் சீட்டு, கரண்ட் பில் எதுவானாலும் நகலெடுத்து வாருங்கள். பாட்டி இருந்தால், கரையில் வீட்டைப் பிரித்த அன்று வண்டியில் எதை ஏற்றினார்கள், எதை விட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். நாவலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.