தன்னாமுனைக்கு வடக்கே ஒரு கலாசாலை

மட்டக்களப்பு வாவிக்கரையில் தன்னாமுனையைக் கடந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையிலே, ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் அப்பால் இருப்பது வந்தாறுமூலை. முன்னாளில் விஞ்ஞான ஆய்வுகூடம் பட்டினத்துப் பாடசாலைகளுக்கே உரியதாயிருந்தது. உழவன் மகனுக்கும் மீனவன் மகனுக்கும் அறிவு மட்டும் போதவில்லை. பட்டினத்தில் தங்கிப் படிக்கப் பொருளும் வேண்டியிருந்தது. கல்வியமைச்சர் கன்னங்கரா 1940களில் விரித்த மத்திய கல்லூரித் திட்டம் இந்நிலையை மாற்றிற்று. ஆய்வுகூடம், விடுதி, பயிற்சிபெற்ற ஆசிரியர் ஆகிய மூன்றும் கிராமத்துக்கே வந்தன. வெறுங் கட்டடத்தை மட்டும் கொடுத்திருந்தால் அது நெற்களஞ்சியமாகியிருக்கும்! ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வறிய பிள்ளையின் விடுதிச் செலவைத் தாங்கியது. இலங்கையெங்கும் எழுந்த இத்தகைய 54 கல்லூரிகளுள் ஒன்றை வந்தாறுமூலைக்குப் பெற்றுத்தர உழைத்தவர் அரசாங்க சபை உறுப்பினர் நல்லையா. அந்த வளவிலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.