113 ஆண்டுக்கால உடல்

1977 டிசம்பரில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிராங்க்ளின் ஊரில் பழைய கல்லறையொன்று தோண்டப்பட்டிருந்தது. உள்ளே தலையற்ற ஓர் உடல். தசையில் இளஞ்சிவப்பு மாறவில்லை. புதிய கொலையோ என்று காவல்துறை ஐயுற்றது. மானுடவியலாளர் வில்லியம் பாஸ், இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் எனக் கணித்தார்.

பின்னர் கிடைத்த மண்டையோட்டில் குண்டுக்காயம் இருந்தது. 1864-இல் நாஷ்வில் போரில் மாண்ட கர்னல் வில்லியம் ஷையின் உடல் அது! பதப்படுத்தி வார்ப்பிரும்புப் பெட்டியில் அடைத்திருந்ததால் அழுகல் தடைபட்டிருந்தது. எலும்பு வயதைச் சரியாகவே சொன்னது. தசைதான் காலத்தை மறைத்துவிட்டது.

பாஸ் தம் பிழையை ஒளிக்கவில்லை. 1981-இல் நாக்ஸ்வில்லில், கொடையாக வந்த உடலொன்றைத் திறந்தவெளியில் கிடத்தி, ஈயும் வெயிலும் மழையும் செய்வதை மாணவர்களுடன் குறித்துவைக்கத் தொடங்கினார். காயம் நிலையாதென்று பாடிப் பழகியவர்கள் நாம். அந்நிலையாமையை நாள்கணக்கில் அளப்பதும் இறந்தவர்க்குச் செய்யும் நீதியே என்று இப்போது உணர்கிறோம்.