குத்துச்சண்டைச் சொற்கள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் குத்துச்சண்டை பழகுவோரிடம் வழங்கும் சொற்கள். ஆட்டத்தின் நுட்பங்களுக்கு ஆங்கிலச் சொற்களும், ஆட்களின் உறவுக்கும் மானத்துக்கும் உள்ளூர்ச் சொற்களும் வழங்குகின்றன.

உடலோடு உடல் மோதும் ஆட்டம் இங்கே பழையது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் புறநானூறு சொல்கிறது. முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் 'மாமல்லன்' பட்டமே மாமல்லபுரத்தின் பெயர். ஆனால் அவை மற்போர் மரபு. கையுறைச் சண்டை ஆங்கிலேயரோடு வந்தது. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து விநாடி ஆகியவை 1867இல் லண்டனில் வெளியான குயின்ஸ்பரி விதிகளில் உள்ளவை.

கையுறைச் சண்டை வேர்விட்டது வடசென்னையில். துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழ்ந்த ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பகுதிகளில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் பரம்பரைகள் எழுந்தன. இங்கே 'பரம்பரை' என்பது ரத்த உறவல்ல, வாத்தியார் வழி. பயிற்சியாளரைக் 'கோச்' என்பதைவிட 'வாத்தியார்' என்பதில்தான் மரியாதை அதிகம். மோதலுக்குப் பெயர் 'ரோசமான குத்துச்சண்டை'. தோற்றால் பரம்பரையே தலைகுனியும். ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியைக் கித்தேரி முத்து வென்ற கதை இன்னும் பேசப்படுகிறது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார்.

இனி குத்துகள். வலக்கைக்காரர் இடது காலை முன்வைத்து, இரு கைகளையும் முகத்துக்கு அருகே உயர்த்தி நிற்பது 'கார்டு'. முன்கையை நேராக நீட்டிச் சட்டென இழுத்துக்கொள்வது 'ஜாப்'. ஆளை வீழ்த்துவதற்கல்ல, தூரம் அளக்கவும் வழி திறக்கவுமே பெரும்பாலும் பயன்படும். பின்கால் பாதத்தையும் இடுப்பையும் திருப்பி, பின்கையால் நேராக இடிப்பது 'கிராஸ்'. முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசினால் 'ஹூக்'. கீழிருந்து தாடைக்கு ஏறினால் 'அப்பர்கட்'. வலது காலை முன்வைப்பவர் 'சவுத்பா'.

ஆங்கிலச் சொற்கள் நிறைந்த இப்பட்டியலைப் படிக்கும் தனித்தமிழ்ப் பற்றாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் ரிங் ஓரத்திலிருந்து கத்த ஓரசைச் சொல்தான் உதவும். 'ஜாப்' நிலைத்ததற்கு அதுவே காரணம் போலும்.

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இச்சொற்களை வடசென்னைக்கு வெளியேயும் பரப்பியது. படம் பார்த்துவிட்டுப் பழக வருபவர் 'நாக்-அவுட்' பற்றி விசாரிக்கும் முன் 'கார்டு' நிற்கக் கற்றுக்கொள்ளட்டும்.