பத்தாண்டு காத்திருந்த ஒழுங்குவிதி: பிரித்தானியப் பாராளுமன்றமும் புலம்பெயர் தமிழ் இணைய எழுத்தும், 2003–2013

2003 ஒக்டோபர் 30 அன்று பிரித்தானியாவில் நூல் ஒப்படைப்பு நூலகங்கள் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதுவரை அச்சு நூலுக்கு மட்டுமே இருந்த ஒப்படைப்புக் கடமையை மின்வடிவ வெளியீடுகளுக்கும் விரிவாக்க வழிசெய்த முதற் சட்டம் அது. அதனைக் கொண்டுவந்தது அரசாங்கம் அன்று. இப்சுவிச் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் கிறிஸ் மோல் தனி உறுப்பினர் சட்டமூலமாக அதனை முன்வைத்தார். 2001 இடைத்தேர்தலில் பாராளுமன்றம் புகுந்த அவர் அப்போது அமைச்சர் பதவி எதுவும் வகிக்காத ஒரு பின்வரிசை உறுப்பினர். சட்டம் நிறைவேறிற்று, ஆனால் இணைய வெளியீடுகளைப் பொறுத்தவரை அது உயிர்பெற 2013 ஏப்ரல் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டு இடைவெளி புலம்பெயர் தமிழரின் எழுத்து வரலாற்றுக்கு என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒப்படைப்பு என்னும் ஏற்பாடு பழையது. வெளியீட்டாளர் தாம் வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் குறித்த நூலகங்களுக்கு விலையின்றிக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1610இல் தோமஸ் போட்லி இலண்டன் அச்சகத்தார் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரை அதன் வளர்ச்சியைப் பலர் எழுதியுள்ளனர். இங்கு விரிக்க வேண்டியதில்லை. தமிழ் ஆய்வாளருக்கு நெருக்கமானது அதன் குடியேற்றநாட்டுக் கிளையே.

1857 எழுச்சிக்குப் பின் இந்தியாவில் என்ன அச்சாகின்றது என்பதை அறியும் வேட்கை ஆட்சியாளருக்கு மிகுந்தது. 1867ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது இந்த ஐயுறவு. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர் பெயர், வெளிவந்த நாள், பக்க எண்ணிக்கை, அளவு, பதிப்பு, அச்சான பிரதிகளின் தொகை, விலை, பதிப்புரிமையாளர் எனப் பல செய்திகளை அது கேட்டது. சென்னை மாகாணப் பட்டியல்கள் காலாண்டுதோறும் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து இலண்டனில் இருந்த இந்தியா அலுவலக நூலகம் வேண்டிய நூல்களைத் தெரிந்து வரவழைத்தது. இலங்கையில் 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் நீரிணைக் குடியேற்றங்களில் 1886ஆம் ஆண்டின் நூற்பதிவுக் கட்டளைச் சட்டமும் இதே வழியில் வந்தன. 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை இன்று நாம் படிக்க முடிவதற்குப் பிரித்தானிய நூலகத்தில் எஞ்சிய பிரதிகளே காரணம். ஜி. யூ. போப்பும் எல். டி. பார்னெட்டும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ்நூற் பட்டியலைப் புரட்டுவோர் இவ்வகையில் வந்து சேர்ந்தவற்றின் பரப்பை உணர்வர்.

1980களில் ஆய்வு மாணவனாகப் பிளாக்பிரையர்ஸ் வீதியில் இருந்த ஓபிற் இல்லத்துக்கு நாள்தோறும் சென்ற காலம் நினைவுக்கு வருகின்றது. இந்தியா அலுவலக நூலகம் அப்போது அங்கிருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாவலர் மரபில் வெளிவந்த சிறுநூல்களை ஓபிற் இல்லத்து மேசையில் வைத்துப் பார்த்தபோது, இவற்றைக் காத்தது தமிழ்ப்பற்று அன்று, ஒரு பேரரசின் சந்தேகம் என்னும் உண்மை உறுத்தியது. இன்றும் உறுத்துகின்றது. கண்காணிக்க விரும்பிய அரசு பிரதிகளைச் சேர்த்தது. கண்காணிக்க விரும்பாத, நம்மைக் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட அரசு சேர்க்க மறந்தது. இவ்வுறுத்தலுடனேயே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் வாசிக்கின்றேன்.

தனி உறுப்பினர் சட்டமூலங்களிற் பெரும்பாலானவை நிறைவேறாமற் போவன. மோலின் சட்டமூலம் தப்பியதற்குக் காரணம் அரசாங்கத்தின் ஆதரவு. அவ்வாதரவுக்கு ஒரு விலை இருந்தது. அச்சல்லாத வெளியீடுகளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் நேராகக் கட்டளையிடவில்லை. அதற்கான ஒழுங்குவிதிகளை அமைச்சர் ஆக்கலாம் என்றே கூறியது. ஆக்குமுன் நூலகங்களுடனும் வெளியீட்டாளர்களுடனும் கலந்து பேச வேண்டும். வெளியீட்டாளருக்கு நேரும் செலவு பொதுநன்மைக்கு ஒவ்வாத அளவு மிகாமல் இருக்க வேண்டும். அவர்களின் நலன் நியாயமின்றிக் கெடவும் கூடாது. விதிகளின் வரைவை இரு அவைகளும் ஏற்கவும் வேண்டும். இந்நிபந்தனைகளில் ஒன்றையும் தவறென்று கூற இயலாது. ஆனால் அவற்றுள் எதற்கும் கால எல்லை இல்லை.

கால எல்லை இல்லாத அதிகாரத்தை அமைச்சர் பயன்படுத்தாதிருக்கும்போது பாராளுமன்ற உறுப்பினர் கையில் எஞ்சும் கருவி வினாதான். பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறையின் அமைச்சர்கள் சில கிழமைகளுக்கு ஒருமுறை சுழற்சி முறையில் அவையில் விடையளிக்க வேண்டும். எழுத்துமூல வினாக்களுக்கும் துறை பதில் தர வேண்டும். செய்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் துறை கணக்குக் காட்டியாக வேண்டும். செய்யாத ஒன்றைப் பற்றிக் கேட்டால், கலந்தாய்வு நடைபெறுகின்றது என்ற விடையே போதும். அது பொய்யும் அன்று. இங்கும் உண்மையாகவே கலந்தாய்வு நடந்தது. 2005இல் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. பின்னர் பொதுக் கருத்தறிதல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்தது. ரெசா ஜோவெல், ஜேம்ஸ் பேர்னெல், அன்டி பேர்ன்ஹம், பென் பிராட்ஷோ, ஜெரமி ஹன்ட், மரியா மில்லர் என ஆறு அமைச்சர்கள் அத்துறையில் அமர்ந்தனர். சட்டத்தைத் தந்த மோல் 2009இல் போக்குவரத்துத் துறையின் இளநிலை அமைச்சராகி, வினவும் வரிசையிலிருந்து விடையளிக்கும் வரிசைக்கு மாறினார். 2010 பொதுத் தேர்தலில் தொகுதியை இழந்தார். ஒழுங்குவிதி வந்தபோது அவர் அவையை விட்டு நீங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பத்தாண்டுகளில் தமிழர் எங்கே எழுதிக்கொண்டிருந்தனர்? பெரும்பாலும் இணையத்தில். 1980களில் புகலிடத்துக்கு வந்தவர் சிற்றிதழ்களையும் மலர்களையும் அச்சிட்டனர். அவற்றின் ஒரு பகுதியேனும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூலகம் சேர்ந்தது. 1981இல் இலண்டனில் தொடங்கிய 'தமிழ் ரைம்ஸ்' போன்ற ஆங்கிலத் திங்களிதழையும் இவ்வகையில் தேட இயலும். 2000க்குப் பின் அச்சுச் செலவைத் தாங்காத சிறு குழுக்கள் இணையத்துக்குப் பெயர்ந்தன. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் மன்றங்கள், கோயில்கள், இலக்கிய வட்டங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு தளம் இருந்தது. பலவும் ஜியோசிற்றீஸ் போன்ற இலவச இடங்களில் தங்கின. யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் அதனை மூடியது.

அதே 2009இல், ஏப்ரல் முதல் ஜூன் வரை, இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர் தொடர்ந்து கூடியிருந்தனர். துண்டறிக்கை, நாட்குறிப்பு, கவிதை, புலம்பல், வாய்ச்சண்டை என அக்கிழமைகளில் தமிழில் எழுதப்பட்டவற்றின் பெரும்பகுதி இணையத்தில் எழுதப்பட்டது. அதனைச் சேர்த்து வைக்கும் அதிகாரத்தை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வழங்கிய அவை, சதுக்கத்துக்கு எதிரே, தெருவின் மறுபுறத்தில் இருந்தது.

அக்காலத்தில் எதுவுமே சேகரிக்கப்படவில்லை என்று சொல்வது நேர்மையன்று. 2004 முதல் நூலகங்கள் ஒன்றுசேர்ந்து, தள உரிமையாளரிடம் இசைவு கேட்டுத் தெரிந்தெடுத்த தளங்களைப் பதிவு செய்தன. தவிர, 'யூகே' என முடியும் முகவரிகளின் 1996–2013 காலப் பிரதிகள், அமெரிக்காவின் இணைய ஆவணகத்திடமிருந்து பின்னர் பெறப்பட்டன. ஆயின் இசைவுக் கடிதத்துக்கு விடையளிக்க ஒரு முகவரியும் ஓர் ஆளும் வேண்டும். ஒருவர் இரவு வேலை முடித்து வந்து நடத்திய தளத்துக்கு அவை எங்கே? 'கொம்' என முடியும் முகவரியில் இருந்த தமிழ்த் தளமோ இரண்டாவது வலையிலும் சிக்காது.

சேர்ந்தவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுமுன் ஈழத்தமிழர் பெரிதும் எழுதியது பாமினி போன்ற எழுத்துருக்களில். அவற்றில் கணினி சேமிப்பது உரோம எழுத்துகளின் குறிகளையே. எழுத்துரு இருந்தால் மட்டுமே கண்ணுக்குத் தமிழ் தெரியும். பக்கத்துடன் எழுத்துருவும் சேமிக்கப்படாவிடில் எஞ்சுவது பொருளற்ற உரோம எழுத்துக் கோவை. மொழியறியும் மென்பொருள் அதனைத் தமிழென்று இனங்காணாது. தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினாலும் அகப்படாது. நண்பர் சிலருடன் நான் பங்கெடுத்த ஓர் இணைய இதழின் ஆறாண்டு உழைப்பில், இன்று என்னிடம் இருப்பது அச்சுப்பொறியில் எடுத்துவைத்த ஒரு கட்டுத் தாள் மட்டுமே.

2013 ஒழுங்குவிதிகள் வந்ததும் நூலகங்கள் இசைவு கேளாமலே சேகரிக்கும் உரிமை பெற்றன. முதற் பெருந்திரட்டு ஏறத்தாழ 48 இலட்சம் தளங்களைத் தொட்டது. பிரித்தானிய நூலகம், ஸ்கொட்லாந்து, வேல்ஸ் தேசிய நூலகங்கள், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்கள், டப்ளின் திரினிற்றிக் கல்லூரி நூலகம் ஆகிய ஆறும் இதில் அடங்கும். விதிகளின்படி, முகவரி பிரித்தானியாவைச் சுட்டாவிடினும், ஆக்கமோ வெளியீடோ இந்நாட்டில் நடந்திருந்தால் அத்தளம் ஒப்படைப்புக்கு உட்பட்டதே. சட்டத்தில் இவ்வாறிருக்க, நடைமுறையில் 'யூகே' முகவரிகளை இயந்திரம் தானே திரட்டும். அமெரிக்க வழங்கியில் இருக்கும் இலண்டன் தமிழ்த் தளத்தை இந்நாட்டினது என்று பெரும்பாலும் ஒருவர் படித்தே அறிய வேண்டும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஒலியும் நிகழ்படமும் மட்டுமாகிய ஆக்கங்கள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளன. ஆகவே 1997 முதல் இலண்டனிலிருந்து ஒலித்த ஐபிசி தமிழ் வானொலியின் குரல்கள் இவ்வழியில் நூலகம் சேரா. திரட்டியவற்றையும் வாசகர் பொதுவில் நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே பார்க்கலாம், அதுவும் ஒரு நூலகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர். தொரொன்ரோவில் இருக்கும் ஆய்வாளர் அதற்காக விமானம் ஏற வேண்டும்.

தமிழர் வாழும் பிற நாடுகளில் அவுஸ்திரேலியா 2016இலும், சிங்கப்பூர் 2019 தொடக்கத்திலும் இத்தகைய சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கனடா 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முந்திக்கொண்டது.

துறையின் பெயரும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. 1992இல் தேசிய மரபுரிமைத் துறையாகத் தோன்றி, 1997இல் பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறையாகி, 2017 ஜூலையில் 'மின்னிலக்கம்' என்ற சொல்லைத் தன் பெயரின் முன்னே சேர்த்துக்கொண்டது. 2023 பெப்ரவரியில் அப்பொறுப்பு அறிவியலுக்கான புதிய துறைக்குச் சென்றது. எட்டு மாதங்களில், ஒக்டோபர் இறுதியில், பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. நூலகம் பணம் தர மறுத்தது. பத்தாண்டு காத்திருந்து பெற்ற மின் ஒப்படைப்புத் திரட்டு, பொதுக் கட்டமைப்பில் தங்கியிருந்தமையால், ஆறு நூலகங்களிலும் நீண்ட காலம் திறக்கப்படாதிருந்தது. நூலகம் ஒரு துறையின் கீழ், மின்னிலக்கக் கொள்கை இன்னொரு துறையின் கீழ் இருக்கும் நிலையில், உறுப்பினர் எவரை வினவுவது?

இக்கட்டுரையை முடிக்குமுன் என் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பண்பாட்டுத் துறையிடம் எழுத்துமூலம் கேட்குமாறு அதில் நான் வேண்டிய வினா இது: ஒப்படைப்புச் சட்டத்தின்கீழ் திரட்டப்பட்ட இணையத்தளங்களில், இந்நாட்டிலிருந்து தமிழில் வெளியாகி, இந்நாட்டைச் சுட்டாத முகவரிகளில் இருப்பவை எத்தனை, அவற்றை இனங்காணத் தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் எத்தனை பேர் பணியில் உள்ளனர்?